அண்ணனுக்கு ஒரு ஓட்ஸ் பை

எங்கள் வீட்டில் ஓட்ஸ் நுழைந்தது 2009-இல். என் மனைவிக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த அதே வாரம். அன்றிலிருந்து காலையில் ஓட்ஸ் கஞ்சிதான். மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தொட்டுக்கொள்ள நாரத்தங்காய். சர்க்கரை அவளுக்கு, கஞ்சி எனக்கும் சேர்த்து. அலுவலகத்தில் மேலிடத்துச் சுற்றறிக்கைகளை எப்படி வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டேனோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொள்ளாத ஒருவர் போன ஆண்டு தை மாதம் வந்து சேர்ந்தார். என் அண்ணன். எனக்கு எட்டு வயது மூத்தவர். இப்போது 82 நடக்கிறது. 1960-இல் பதினெட்டு வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கப்பல் ஏறினவர். எங்கள் புதுச்சேரி வழக்கில் சொல்வதானால் 'சொல்தா'. பட்டாளத்தை விட்ட பிறகும் அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அங்கேயே ஓய்வு. அண்ணி தவறிப்போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரே பையன் லியோன் பக்கம் இருக்கிறான், ஷிப்ட் வேலை. அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, இரண்டு தடவை அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போய்விட்டார், அவரே ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும் என்கிறார், கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா சித்தப்பா என்று போனில் கேட்டான். கேட்கும்போதே அவன் குரல் கம்மியது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மாடி அறையில் இருந்த பழைய சாமான்களை எங்கே நகர்த்துவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முத்தியால்பேட்டைத் தெருவில் யார் வீடு எது என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்லும் பேர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் இருக்கும். நான் திருத்தமாட்டேன். சாப்பாடுதான் இறங்கவில்லை. காலையில் பகேத் ரொட்டியைக் காப்பியில் தோய்த்து இரண்டு வாய். மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டுவிடுவார். கஞ்சியை வைத்தால் கிண்ணத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளுவார். என் மனைவி, "மாமா, ரெண்டு ஸ்பூனாவது குடிங்க" என்பாள். "மெர்சி, மெர்சி" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தள்ளுவார். வந்தபோது 61 கிலோ. ஐந்தாவது மாதம் 54. டாக்டர், "சத்து, பத்தியம் எல்லாம் பார்க்காதீங்க சார். எது இறங்குதோ அதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு மட்டும்தான்.

இறங்குவது எது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் ஆரம்பித்தது. ஒருநாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:

"தம்பி, அப்பா கையெழுத்து போட்டாரா?"

இதை உள்ளூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். 1954 நவம்பர் 1-இல் ஊர் நிர்வாகம் கைமாறியதே தவிர, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றுவரை நாங்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சுக் குடிமக்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் கெடு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் தாமாகவே இந்தியர்கள். இதற்கு ஒப்சியோன் என்று பெயர். 1963 பிப்ரவரியோடு அந்தக் கெடு முடிந்தது.

அண்ணன் பட்டாளத்திலிருந்து தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கும் கடிதம் மேல் கடிதம் போட்டார். கையெழுத்துப் போடுங்கள், தம்பியை நான் இங்கே படிக்க வைக்கிறேன், அம்மாவுக்கு நல்ல வைத்தியம் பார்க்கலாம் என்று. எனக்கு அப்போது 12 வயது. அந்த வயதில் தகப்பனார் தீர்மானம்தான் பிள்ளையின் தீர்மானமும். அந்தக் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் பிரெஞ்சில் படிக்கிற பிள்ளை, அண்ணனோ பிரெஞ்சும் தமிழும் கலந்து எழுதுவார். 'தம்பியை இங்கே படிக்க வைக்கிறேன்' என்ற வரியை நான் மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. அவர் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. உத்தியோகத்துக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று பயந்தார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஊர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டவர் என்று என் மாமா ஒருவர் சொல்வார். அண்ணனுக்கு ஒரு வருஷம் பதில் போகவில்லை. பிறகு போனது, உடம்பு நலம் விசாரித்து. கையெழுத்து விஷயத்தை அதன் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. 1968-இல் அண்ணன் லீவில் வந்தபோதும் எடுக்கவில்லை. அப்பா 1981-இல் காலமாகி, அண்ணன் பதினோராம் நாளுக்குத்தான் வந்து சேர முடிந்தது, அப்போதும் எடுக்கவில்லை. அறுபது வருஷம் இரண்டு பேரும் வாயைத் திறக்காத விஷயத்தை ஒரு காலை நேரத்தில், காப்பி ஆயிற்றா என்று கேட்பதைப் போல அவர் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"இல்லைண்ணே" என்றேன். உண்மை அதுதானே.

அவர் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அவருக்கு அது அப்போதுதான் வந்து சேர்கிறது. மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மறந்துவிட்டார். மூன்று நாள் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில், அதே முகம்.

என் வேலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 38 வருஷ உத்தியோகத்தில் பாதிக்கு மேல் நான் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளோடு இருந்தவன். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சில், மைப் பேனாவால், சாய்ந்த கையெழுத்தில். தாத்தா பிறந்த பதிவு கிடைத்தால் பேரனுக்குக் குடியுரிமை கேட்கலாமா என்று பார்க்க எத்தனையோ பேர் என் மேஜை முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒரு எழுத்து மாறியிருக்கும், வயது இரண்டு வருஷம் இடிக்கும். 'சார், ஒரு எழுத்துதானே சார்' என்று கெஞ்சுவார்கள். நான் உள்ளதை உள்ளபடிதான் நகல் எடுத்துக் கொடுத்தேன். சில பேர் திட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். இப்படி இருந்தவனுக்கு வீட்டில் ஒரு பொய் சொல்ல வரவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

2014-இல் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், லான்காஸ்டர் பக்கம். ஆமிஷ் மக்கள் இன்னும் குதிரை வண்டியில் போகிற ஊர். கார்கள் பின்னால் பொறுமையாக ஊர்ந்து வரும். ஊர் நடுவில் சென்ட்ரல் மார்க்கெட் என்று பழைய செங்கல் கட்டடம் ஒன்று. நம்ம பெரிய மார்க்கெட் மாதிரி, ஆனால் சத்தம் இருக்காது. அங்கே ஒரு பக்கம் முழுக்க 'பை' வகைகள். ஆப்பிள், பூசணி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகில் செய்கிற ஷூஃப்ளை, அப்புறம் ஓட்ஸ். ("என்னங்க, எதைப் பார்த்தாலும் பை பைன்னு சொல்றாங்க, கையில ஒரு பையையும் காணோமே?" என்றாள் என் மனைவி.)

மகளுக்கு அடுத்த வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, தனியாக இருந்தார். நான் திண்ணை இல்லாத வீட்டில் திண்ணையைத் தேடுகிறவன் மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஒருநாள் தட்டை மூடி எடுத்து வந்து கொடுத்தார். ஓட்ஸ் பை. மேலே மொறுமொறுவென்று ஒரு ஏடு, கீழே பழுப்பு நிறத்தில் நெகிழ்ந்த முட்டைப் பாகு, அடியில் மாவு ஓடு. ஓட்ஸை இப்படியும் செய்யலாமா என்று நான் திகைத்துப் போனேன். ஐந்து வருஷமாக எனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் அதை 'ஏழைகளின் பீக்கன் பை' என்றும் சொல்கிறார்கள். பீக்கன் என்பது நம் முந்திரி மாதிரி விலை கூடின கொட்டை. அதை வாங்க முடியாத வீட்டில் களஞ்சியத்தில் இருக்கிற ஓட்ஸைப் போட்டுச் செய்வது. முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டுப் பாயசத்தை ஒப்பேற்றுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். அந்த அம்மா, பென்சிலால் எழுதின ஒரு பழைய அட்டையைக் காட்டினார். அவருடைய தாயார் கையெழுத்து. பென்சில் மங்கிய இடங்களில் மேலேயே மறுபடி எழுதியிருந்தார். பழைய ஆவணத்தில் அப்படி மேலெழுதக் கூடாது என்று எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு நகல் எடுத்துக்கொண்டேன். அவர் கப்பில் சொன்னதை நான் கிராமில் எழுதினேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு 'முக்கால் கப்' என்பது ஒரு அளவாகவே தோன்றாது.

அந்தத் தாள் பத்து வருஷம் என் டைரியிலேயே இருந்தது. அண்ணன் கஞ்சியைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருநாள் அது ஞாபகம் வந்தது. வீட்டில் ஓட்ஸும் இருக்கிறது, மகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மின்சார அவனும் இருக்கிறது. அதில் இதுவரை அப்பளம்தான் சுட்டிருக்கிறோம்.

முதல் தடவை செய்தது விளங்கவில்லை. ஓட்ஸ் பாக்கெட்டில் இரண்டு ஜாதி உண்டு. சீக்கிரம் வேகும்படி பொடியாக நறுக்கித் தட்டையாக்கியது ஒன்று, முழுத் தானியத்தை அவித்து உருளையில் தட்டியது ஒன்று. அமெரிக்காவில் இரண்டாவதைப் 'பழைய கால ஓட்ஸ்' என்றே பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். பைக்கு அதுதான் வேண்டும். நான் கஞ்சிக்கு வாங்கின பொடி ஓட்ஸைப் போட்டேன். அது கரைந்து, பை கஞ்சியாகவே வந்தது. போதாததற்கு இன்னொரு பிசகு. அந்த அம்மா சொன்ன சோளப்பாகுக்குப் பதில் வெல்லப்பாகு காய்ச்சி, ஆறுவதற்குள் முட்டையில் ஊற்றிவிட்டேன். முட்டை அங்கங்கே திரிந்து வெந்துவிட்டது. வெல்லம் போட்ட முட்டைப் பொரியலை யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா? வேண்டாம்.

இரண்டாவது தடவை காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். நம் ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் வெண்ணெய் கையில் நிற்காது. 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து வந்து சமையற்கட்டு வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்படி இல்லைடா. சப்லே, சப்லே."

சப்லே என்றால் பிரெஞ்சில் மணல் மாதிரி ஆக்குவது. உள்ளங்கை படக்கூடாது, சூடு ஏறிவிடும். விரல் நுனியால் மாவையும் வெண்ணெயையும் எடுத்து உதிர்த்து உதிர்த்து விட வேண்டும். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து செய்ய ஆரம்பித்தார். இரண்டு கையும் மாவுக்கு மேல் காசு எண்ணுகிற மாதிரி ஓடியது. பட்டாளத்தில் இரண்டு வருஷம் சமையற்கட்டில் போட்டிருந்தார்கள் என்று எப்போதோ எழுதியிருந்தார். முந்தாநாள் வந்த விருந்தாளி யார் என்று அவருக்குத் தெரியாது. இது தெரிகிறது. மாவு மணலாக உதிர்ந்ததும் நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, ஒரே உருண்டையாகச் சேர்த்து, தட்டி, என்னிடம் நீட்டினார். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னார். என் தாளில் இருந்ததும் அதேதான்.

மீதியை நான் செய்தேன். 200 கிராம் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, நன்றாக ஆறவிட்டேன். சாறு விடாவிட்டால் பாகு பூத்துப் போகும். மூன்று முட்டையை நுரை கட்டாமல் அடித்து, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, 60 கிராம் உருக்கின வெண்ணெய், முக்கால் கப் பாகு, உப்பு, வெனிலா, துளிப் பட்டைப் பொடி, கடைசியாக 70 கிராம் ஓட்ஸ். ஏலக்காய் போடலாமே என்றாள் மனைவி. போட்டால் பாயசம் வாசனை வந்துவிடும் என்று மறுத்துவிட்டேன்.

மாவை இட்டு, ஒன்பது அங்குலத் தட்டில் பரப்பி, மேலே காகிதம் போட்டு, கொண்டைக்கடலையைக் கொட்டிப் பாரம் ஏற்றி, முதலில் பதினைந்து நிமிஷம் வெறும் ஓட்டை மட்டும் வேக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி சொதசொதவென்று போய்விடும். பிறகு கடலையை எடுத்துவிட்டுக் கலவையை ஊற்றி, 175 டிகிரியில் 45 நிமிஷம். அந்தக் கடலையைச் சுண்டலுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். எடுக்க முடியாது. அடுத்த பைக்குப் பாரமாக டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நடப்பது வேடிக்கைதான். ஊற்றும்போது ஓட்ஸ் எல்லாம் கலந்து கிடக்கும். வேக வேக, கனமில்லாத ஓட்ஸ் மேலே மிதந்து வந்து, அங்கேயே காய்ந்து மொறுமொறுத்து ஏடு கட்டும். முட்டையும் பாகும் கீழே தங்கி இறுகும். அவன் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டு நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். வெண்ணெயும் வெல்லமும் வேகிற வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது.

"தம்பி, அப்பா கையெழுத்து போட்டாரா?"

வாசனையா, காலை வேளையா, அந்தக் கை மாவில் ஓடியதைப் பார்த்த சந்தோஷமா, தெரியவில்லை. "போட்டுட்டார்ண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் தோளைத் தொட்டு, சட்டைத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது தாங்காது. அங்கே குளிரும். உனக்கு ஒரு கோட்டு வாங்கணும்" என்றார்.

பை நன்றாக வந்தது. நடுப்பக்கம் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், ஆற ஆற அது இறுகிக்கொள்ளும். அண்ணன் ஒரு துண்டு முழுசாகச் சாப்பிட்டார். இன்னொரு பாதியும் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி எனக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் பொய் அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மாடியில் பெட்டி திறந்து கிடக்கிறது. அவர் துணிகள், என் வேட்டி இரண்டு, பூஜை அறையிலிருந்த அம்மாவின் படம், எல்லாம் உள்ளே. கப்பல் எந்தத் தேதி, அம்மாவால் படி ஏற முடியுமா, என் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் வாங்கியாயிற்றா என்று அன்றைக்கு முழுக்க விசாரணை. அம்மா எங்கே, இன்னும் புறப்படவில்லையா என்று சாயங்காலம் கோபமே வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு வாசல் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டிருந்தார். பிடித்து அழைத்து வந்து படுக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்கு வராத வேலை எதுக்குங்க?" என்றாள் மனைவி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் தோன்றியது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில் அப்பாவின் தகரப்பெட்டி இருக்கிறது. 1981-இல் காரியமெல்லாம் முடிந்து அண்ணன் திரும்பிப் போன பிறகு, நான்தான் அதைத் திறந்து ஒழுங்குபடுத்தினேன். சம்பளச் சீட்டுகள், வரி ரசீதுகள், அண்ணன் கடிதங்கள் நூல் போட்டுக் கட்டி. அதற்கெல்லாம் அடியில் ஒரு தாள். 1963 ஜனவரி தேதி போட்டு, அப்பாவின் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில், ஒப்சியோன் அறிக்கை. அவர் பேர், பிறந்த இடம், தேதி, அம்மா பேர், மைனர் பிள்ளை என்று என் பேர், என் பிறந்த தேதி. எல்லாம் பூர்த்தி செய்திருக்கிறது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கீழே கையெழுத்து இடம் மட்டும் காலி.

இதை நான் அண்ணனிடம் சொல்லவே இல்லை. 1981-இல் சொன்னால் ஆறின புண்ணைக் கிளறுவதாகும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு கோப்பில் இப்படித் தாமதம் செய்திருந்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள். இப்போது சொல்வதற்கு ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், கேட்டு வைத்துக்கொள்கிற இடம்தான் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பை செய்தோம். ஐந்து மணிக்கே அவர் ஸ்டூலில் தயாராக இருந்தார். யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு மாவை உதிர்த்தார். நான் தகரப்பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து மாவு படாத இடமாகப் பார்த்து ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். பை அவனுக்குள் போனது. ஏடு கட்ட ஆரம்பித்தது. கேட்டார்.

"எழுதிட்டார்ண்ணே" என்றேன். "பேரு, தேதி, என் பேரு எல்லாம் எழுதிட்டார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

தாளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். என் பேர் வந்த இடத்தில் விரல் நின்றது. அதைச் சத்தமாகப் படித்தார், முழுப் பேரும், பிரெஞ்சு உச்சரிப்பில். வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது கூப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்கு 'ப்ரெசான்' என்று சொல்ல வந்துவிட்டது.

கீழே காலி இடத்தையும் பார்த்தார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா எதையும் உடனே செய்யமாட்டார்" என்றார். "நாளைக்குப் போடுவார்."

தாளை நாலாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவனில் மணி அடித்தது. எடுக்கவா என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். ஐந்து நிமிஷம் விட்டோம்.

அன்றைக்குப் பெட்டி திறக்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கிறார், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அதே பதில்தான் சொல்கிறேன். சில நாள் தாளைக் கேட்கிறார், சில நாள் கேட்பதில்லை. மடிப்புகளில் கிழிய ஆரம்பித்துவிட்டது என்று ஒரு நகல் எடுத்து, அசலை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். எடை இப்போது 57. லியோனிலிருந்து பையன் வீடியோவில் பார்த்துவிட்டு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது சித்தப்பா என்று கேட்டான். அவன் கோடை விடுமுறைக்கு வருகிறான். வந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு வியாழன். ஓட்ஸ் தீர்ந்துவிட்டது. தட்டின முழு ஓட்ஸ் இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நேரு வீதி வரைக்கும் போய் வர வேண்டும்.